பேனாவுக்கு எண்ணெய் விட்ட மாஸ்டர்

என் வீட்டுக்காரர் வானமாமலைக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பொய் சொல்லத் தெரியாத ஆளோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இதே தாராவியில் என் அப்பா வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, உப்புமா எப்படி இருக்கிறது என்று என் அம்மா கேட்டாள். "கொஞ்சம் அடிப்பிடிச்சிட்டு அத்தை" என்றார். கூட வந்தவர்கள் நெளிந்தார்கள். கிண்டியவள் நான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவளுக்கு, இந்த மனுஷனுக்கு ஒருநாளும் கழுத்தை நீட்டக் கூடாது என்று ஆத்திரமாக வந்தது. அப்புறம் நீட்டினேன். அது வேறு கதை.

அவர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி தௌசீப் பாய். "சனிக்கிழமை சரக்கு ரெடி" என்று பாய் போனில் யாருக்காவது வாக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து இவர், "திங்கள்தான் ஆகும் பாய்" என்று குரல் கொடுப்பார். பாய் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வேலையை விட்டு நிறுத்த மாட்டார். இவரைப் போலக் காலர் தைக்க அந்தச் சந்தில் இன்னொருவர் கிடையாது.

பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் பட்டறை அது; அதற்கு மேல்தான் எங்கள் வீடு. உடம்பு தைக்க ஒருவர், கை வைக்க ஒருவர், பட்டன் கட்டுவது நான். காலர் மட்டும் இவர். காலர் முனை வரும்போது மோட்டாரை அடக்கி, ஒரு தையல், நிறுத்து, இன்னொரு தையல், நிறுத்து என்று ஊசியைத் திருப்ப வேண்டுமாம். அந்த அடக்கமெல்லாம் பெடலை அழுத்தும் வலது கால் பெருவிரலில் இருக்கிறது. பாதத்தால் மிதிப்பவன் காரீகர், வெறும் கூலித் தையல்காரன்; விரலால் மிதிப்பவன் மாஸ்டர் என்பார். இவர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

மெஷின் விஷயத்தில் இவருக்கு இரண்டு பிடிவாதம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் எண்ணெய் விட்டே ஆக வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஊசியை, அது முறிகிறவரை மாற்றவே கூடாது. புது ஊசி மாட்டினால் தையலின் கைவாகு போய்விடும் என்பார். பட்டறையில் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். ஊசி முறிந்தால்தான் புது ஊசி. யாராவது ஓடுகிற ஊசியைக் கழற்றுவதைப் பார்த்தால், ஏதோ பெற்ற பிள்ளையை வீட்டை விட்டு விரட்டுகிற மாதிரி முறைப்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஒருநாள் இன்சுலின் பேனாவைக் கொடுத்தார்கள்.

சக்கரை வியாதி வந்து பல வருஷமாக மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். மாத்திரைக்கு மசியவில்லை என்றதும் டாக்டர் ஊசிக்கு மாற்றினார். எங்கள் நைன்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு சின்ன கிளினிக். பேனா பார்க்கத் தடித்த மைப் பேனா மாதிரி இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் தண்ணீர்விட்ட பால் போலக் கலங்கலாக மருந்து. குப்பி தீர்ந்தால் புதுக் குப்பி போட்டுக்கொள்ளலாம், பேனா அப்படியே இருக்கும். பின்பக்கத்தைத் திருகி எத்தனை யூனிட் என்று வைத்து, வயிற்றில் குத்திப் பொத்தானை அமுக்க வேண்டும். காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. கூட்டம் அலைமோதிய ஒரு திங்கட்கிழமையில் யாரோ ஒரு பெண் நின்றபடியே சொல்லிக்கொடுத்தாள். எனக்கு ஊசி என்றாலே குலை நடுங்கும். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவைத் திருகிப் பார்த்தார். டிக் டிக் என்று சத்தம் வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காதோரம் வைத்துக் கேட்டார்.

"ஏட்டி செல்வி, நல்ல மெஷின்ட்டி இது. உள்ள பல்லுச் சக்கரமெல்லாம் இருக்கு போல."

"மெஷினோ என்னமோ, ஒழுங்கா போட்டுக்கிடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து அது அவருக்குச் சின்ன மெஷின். பகலில் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். ஊசி போடும் நேரம் வந்தால் என்னிடம், "அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்பார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நாளில், "சவம், எறங்க மாட்டேங்கு" என்று முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பொத்தான் இறுகிவிட்டதாம். ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் வெட்டுக் கத்தரி கை தவறி அவர் காலில் விழுந்தது. வேறெங்கும் படவில்லை. சரியாக அந்த வலது கால் பெருவிரலில். சின்னக் காயம்தான். மஞ்சள் வைத்தேன், ஆறவில்லை. களிம்பு போட்டேன், ஆறவில்லை. விரல் நுனி கறுத்து நீர் கோத்தது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சக்கரை மலை மாதிரி ஏறிக் கிடந்தது. டாக்டர் யூனிட்டைக் கூட்டினார். அடுத்த தடவையும் இறங்கவில்லை, மறுபடி கூட்டினார். மூன்றாம் தடவை கூட்டியபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தீபாவளிக்குள் சக்கரை இறங்கிப் புண் காயாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன், அங்கே விரலை எடுத்துவிடுவார்கள் என்றார். அப்புறம் இவர் பக்கம் குனிந்து, "இனிப்பை விடுங்க மாமா" என்றார்.

"நான் திங்கல சார்" என்றார் இவர்.

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்கிற சிரிப்பு.

வெளியே வந்து ரோட்டைக் கடந்தோம். சந்துக்குள் நுழைந்த பிறகு இவர், "வெரலு இல்லாட்டி காலர் திரும்பாது, செல்வி" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் ஒருவர் சந்தேகப்பட்டால் போதாதா. ஊர் முழுக்க அதே பேச்சானது. கோவண்டியில் இருக்கும் இவருடைய தம்பி நாகராஜ் ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்ததும் வராததுமாக அடுக்களை டப்பாக்களை நோட்டம் விடுவார்.

"மதினி, கோவிச்சிக்கிடாதீய. அண்ணன் வெளிய எங்கயோ திங்காவ. இல்லன்னா இத்தனை ஊசிக்கு சுகர் எறங்காம இருக்குமா?"

"ஒங்க அண்ணன் பொய் சொல்லி நீங்க பாத்திருக்கீயளா?"

"பொய் சொல்லமாட்டாவ. ஆனா வாய்க் கட்டுப்பாடு வேற, மதினி."

"வாய்க் கட்டுப்பாட்டப் பத்தி நீங்க சொல்லுதீயளாக்கும்" என்றேன். நாகராஜுக்கு முன்னால் நான் வைத்திருந்த பக்கோடாத் தட்டு காலியாகியிருந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது. இவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து, யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பது போலத் துணியில் கோடு போடும் சாக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே ஒரு வேலை செய்தேன். வீட்டிலிருந்த சக்கரை, வெல்லம், பிள்ளைகள் வந்தால் கொடுக்க வைத்திருந்த மிட்டாய், ஒரு பாட்டில் தேன், எல்லாவற்றையும் அள்ளிச் சந்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். எனக்கும் சக்கரையில்லாத சாயாதான். "எங்க வீட்டுல ஒரு பொட்டு சக்கரை கிடையாது. யாரு வேணா வந்து பாக்கலாம்" என்று குழாயடியில் சத்தமாகவே சொன்னேன். என் புருஷனை யாரும் சொல்லிக்காட்டக் கூடாது. சொல்வதென்றால் நான் சொல்வேன்.

அப்படியும் சக்கரை இறங்கவில்லை. புண்ணும் காயவில்லை. இவர் இடது காலால் பெடலை மிதித்துப் பழகிப் பார்த்தார். காலர் முனை உருண்டையாக வந்தது. அதைப் பிரித்துவிட்டு மறுபடி வலது காலுக்கே வந்தார். கட்டுப் போட்ட விரலால் அழுத்தும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வதை நான் பட்டன் கட்டியபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது கேட்டால், "வலிக்கு" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். அதனால் கேட்க மாட்டேன்.

புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் கிளினிக்குக்குப் போவோம். அங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். வந்தனா என்று பெயர், மராட்டிப் பெண். வேலையில் நிதானம், பேச்சிலும் நிதானம். கட்டைப் பிரித்துக்கொண்டே, சித்தப்பாவை அழைக்கிற மாதிரி காகா போட்டு, ஹிந்தியில், "காகா, மிட்டாய் கிட்டாய் சாப்பிடுறதுண்டா?" என்று கேட்டாள்.

எனக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். ஹிந்தியில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். "சாப்பிடல, சாப்பிடல, சாப்பிடல. எத்தனை பேருக்குத்தான் சொல்ல? என் வீட்டுக்கு வந்து பாரு. எறும்பு கூட எங்க வீட்டப் பாத்து வாரதில்ல." வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

வந்தனா கோபப்படவில்லை. கட்டைச் சுற்றி முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து இவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சாப்பிடலைன்னே வச்சுக்குவோம். ஊசி எப்படிப் போடுறீங்க? எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

இத்தனை மாதத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்காதவர்கள் இல்லை. எப்படிப் போடுகிறார் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

இவர் குஷியாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். முனையில் ஊசி ஏற்கெனவே மாட்டியிருந்தது. வந்தனா அதைப் பார்த்தாள்.

"இந்த ஊசி எப்ப மாட்டினது?"

"கணபதிக்கு முன்னால" என்றார். குரலில் பெருமை. "இன்னும் முறியல."

கணபதியைக் கடலில் கரைத்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. வந்தனா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். பேனாவை வாங்கி, ஊசி முனை மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்தாள். இரண்டு யூனிட் திருகி அமுக்கினாள். பொத்தான் வெண்ணெய் மாதிரி இறங்கியது. முனையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி திருகினாள், அமுக்கினாள். ஒரு சொட்டுகூட இல்லை. பழைய ஊசியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள். அப்போதும் இல்லை. குப்பியை வெளிச்சத்தில் காட்டினாள். உள்ளே மருந்துக்கு மேலே பெரிதாக ஒரு காற்றுக் குமிழி நின்றது. அப்புறம் தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"காகா, இது என்ன வாசனை? எண்ணெயா?"

"ஆமா. மெஷின் ஆயில். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு சொட்டு விடுவேன்" என்றார். "முன்ன ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. இப்ப பாருங்க, எவ்வளவு நைஸா ஓடுது."

வந்தனா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னாள். இந்த மருந்து கலங்கல் மருந்து, ஊசியை மாட்டியபடியே விட்டால் அதன் துளையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், குப்பிக்குள் காற்றும் புகும். அதனால்தான் பொத்தான் இறுகியது. இறுகியது பேனா இல்லை, ஊசி. அப்போதே ஊசியை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். பேனாவுக்கு எண்ணெயே விடக் கூடாது. எண்ணெய் விட்டதும் உள்ளே பிடிக்க வேண்டியதெல்லாம் வழுக்கிவிட்டது. திருகி வைத்த எண் பூஜ்யத்துக்கு வருகிறது, மருந்து மட்டும் வருவதில்லை.

"அப்படின்னா இத்தனை நாளும்?" என்று கேட்டேன்.

"பாதி நாள் கொஞ்சம் போயிருக்கும். மீதி நாள் வெறும் ஊசிதான் குத்திக்கிட்டிருக்கார்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் புருஷன் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை. அந்த டாக்டர் முகத்துக்கு முன்னால், நாகராஜ் முகத்துக்கு முன்னால், தாராவி முழுக்க நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அதற்கு அடுத்த நிமிஷம் வந்தது கோபம்.

"ஒமக்கு அறிவு இருக்கா?" என்றேன். கோபம் வந்தால் 'நீங்க' போய் 'நீர்' வந்துவிடும். "வயித்துல குத்துத சாமானுக்கு மெஷின் ஆயிலா? என்னட்ட ஒரு வார்த்த சொன்னீரா?"

"நீ கேக்கலயே" என்றார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புதுப் பேனா எழுதிக் கொடுத்தார். மருந்து போகவில்லை என்று தெரியாமல் கூட்டிக்கொண்டே போன யூனிட்டை நன்றாகக் குறைத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. வந்தனா என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் முகத்தைத் திருப்பப் பார்த்தேன், விடவில்லை. பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, அடியில் படிந்த வெள்ளை மருந்து கலங்குகிற மாதிரி மெதுவாக உருட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. முனையை மேலே தூக்கி இரண்டு யூனிட் அமுக்கி, ஒரு சொட்டு வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வராவிட்டால் மறுபடி. பிறகுதான் யூனிட் வைத்துக் குத்த வேண்டும். பொத்தானை அமுக்கியதும் உருவிவிடாமல் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். முடிந்ததும் ஊசியைக் கழற்றிக் கெட்டியான டப்பாவில் போட்டு மூட வேண்டும். எண்ணெய், தண்ணீர், எதுவும் கூடாது. தூசி இருந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

"மாவ்ஷி, இன்னொன்னு" என்றாள், சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி என்னைப் பார்த்து. "ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பதான் உடம்புக்குள்ள நிஜமா மருந்து போகப்போகுது. சக்கரை திடீர்னு கீழ போயிரலாம். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே வாயில சக்கரை போடணும். எப்பவும் அவர் பையில கொஞ்சம் இருக்கட்டும். சாப்பாடு நேரம் தள்ளவே கூடாது."

"எங்க வீட்டுல சக்கரையே கிடையாதே" என்றேன், பதக்கம் வாங்கியவள் போல.

"அப்ப வாங்கி வைங்க" என்றாள்.

வாங்கியிருக்கலாம். கடைக்காரரும் பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாகராஜ் வருவார், டப்பாவைத் திறப்பார். சக்கரையைப் பார்த்தால் நான் குழாயடியில் கத்தியதெல்லாம் என்னாவது? அவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் வீம்பு எனக்கு.

புதுப் பேனாவில் முதல்நாள் ஊசி முனையில் அந்தச் சொட்டு வந்து நின்றபோது இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இதுவா வரணும்?" என்றார். "நான் பாத்ததே இல்லயே, செல்வி." ஊசியைக் கழற்றிப் போடும்போது மட்டும் முகம் சுருங்கியது. நல்ல ஊசியாம். ஒரே ஒரு தையல்கூட முழுசாகத் தைக்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் தொழுகைக்குத் தௌசீப் பாயும் காரீகர்களும் மசூதிக்குப் போய்விடுவார்கள். மளிகைக் கடையும் சாயாக் கடையும் அந்த நேரத்தில் மூடிக் கிடக்கும். சந்தே அடங்கிப் போயிருக்கும். இவர் மட்டும் அந்த நேரத்தில் மேலே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சரக்கு அவசரம். இந்தக் காலரை முடித்துவிட்டு வருகிறேன் என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். குழம்பு ஆறியது. வரவில்லை. சாப்பாட்டைத் தள்ளக் கூடாது என்று வந்தனா சொன்னது ஞாபகம் வந்து, டப்பாவில் சோற்றைப் போட்டுக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே துணி இல்லை. காலர் நழுவி மடியில் கிடந்தது. அதில் தையல் கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போயிருந்தது. இவர் தைத்துக் கோணல் தையல் நான் பார்த்ததில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. "என்னங்க" என்றேன். என்னைப் பார்த்தார். யாரோ பட்டறைக்கு வந்திருக்கிறார்கள் என்பது போலப் பார்த்தார்.

"திரும்ப மாட்டேங்கு" என்றார் குழறலாக. "காலர் திரும்ப மாட்டேங்கு."

வந்தனா சொன்னது ஒவ்வொன்றும் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. மெஷின் சுவிட்சை அணைத்தேன். சக்கரை. சக்கரைக்கு எங்கே போவேன்? நான்தான் வீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேனே.

அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. என்ன புத்தியோ. எல்லோரும் சொன்னார்களே, இந்த ஆள் ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று. அது உண்மையாக இருக்கட்டும், தாயே. இத்தனை நாள் ஊரோடு சண்டை போட்டவள், அந்த நிமிஷம் என் புருஷன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். நூல் சுருள், பேனா, இன்ச் டேப். கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்தேன். ஒன்றும் இல்லை. மெஷின் டிராயரைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். நூல் சுற்றிய பாபின்கள் தரையெல்லாம் உருண்டன. அதற்குள் வெள்ளையாக ஒரு துண்டு கிடந்தது. அப்பாடா என்று எடுத்து நாக்கில் வைத்தேன். துணிச் சாக்கட்டி.

பலகைக்கு அடியில் பார்த்தேன். அவர் உட்காரும் மெத்தையைக் கிழித்துப் பார்த்தேன். படுபாவி மனுஷன், ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை.

ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டி, "ஆஸியா" என்று கத்திய கத்தில் சந்து அதிர்ந்தது. எதிர்வீட்டு ஆஸியா ரொட்டி மாவுக் கையோடு ஓடிவந்தாள். "சக்கரை, சக்கரை" என்றேன். ஒன்றும் கேட்காமல் திரும்பி ஓடினாள். ஒரு டம்ளர் தண்ணீரில் கைநிறையச் சக்கரையைப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள். நல்லவேளை, விழுங்கும் நினைவு அவருக்கு இருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதி அவர் வாயில், பாதி என் சேலையில். அழுதுகொண்டேதான் கொடுத்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கண் தெளிந்தது. முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் வெளியே தொங்கிக்கொண்டிருந்த தன் கால்சட்டைப் பைகளைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த டிராயரை, கிழிந்த மெத்தையை, என் உதட்டில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நீயுமா தேடுத, செல்வி?" என்று மெதுவாகக் கேட்டார். "நீயும் நம்பலயா?"

டாக்டர் கேட்டபோதும் தம்பி கேட்டபோதும் அவர் முகம் அப்படி ஆனதில்லை.

"நம்புனேன்" என்றேன். "நம்புனதுனாலதான் இந்தப் பாடு. ஒரு மிட்டாயாவது ஒளிச்சு வச்சிருக்கக் கூடாதான்னு தேடுனேன். ஊரு சொன்னது மெய்யா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு தேடுனேன். ஒத்த ஒரு நாளாவது ஒமக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருக்கப் படாதா?"

அவர் கையை நீட்டி என் உதட்டிலிருந்த சாக்கட்டித் தூளைத் துடைத்துவிட்டார். ஆஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரொட்டி தீய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரை அங்கேயே தரையில் உட்காரவைத்து, கொண்டுபோன சோற்றை ஒவ்வொரு வாயாக ஊட்டினேன்.

டாக்டர் யூனிட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தார். சக்கரை மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. புண் ஓரத்திலிருந்து வற்ற ஆரம்பித்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தனா கட்டைப் பிரித்துப் பார்த்து, இனி கட்டு வேண்டாம் என்றாள். நகம் மட்டும் கோணலாக வளர்ந்திருக்கிறது. விரல் விரலாக இருக்கிறது. அன்று மத்தியானமே பட்டறைக்குப் போய், வெறும் விரலைப் பெடலில் வைத்து, ஒரு தையல், நிறுத்து, ஒரு தையல், நிறுத்து என்று ஒரு காலரைத் திருப்பி எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

இப்போது தினமும் காலையில் ஊசி போட்டு முடித்ததும், நானே என் கையால் அவர் சட்டைப் பையில் மிட்டாய் வைத்துவிடுகிறேன். நாகராஜ் பார்த்தால் பார்க்கட்டும். சாயந்திரம் சட்டையைக் கழற்றியதும் எண்ணிப் பார்ப்பேன். வைத்தது வைத்தபடி இருக்கும். போன வாரம் ஒருநாள் ஒன்று குறைந்தது.

"மயக்கம் வந்துச்சா? வேர்த்துச்சா? ஏன் என்னைக் கூப்பிடல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். "ஆரஞ்சு மிட்டாய். ஆசையா இருந்துச்சு, தின்னுட்டேன்."

அன்றைக்கு அவரை நான் ஏசிய ஏச்சு சந்துமுனைவரை கேட்டதாம். ஆஸியா சொன்னாள். ஏசி முடித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், நான் சிரிப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று.